சருகுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்

எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச்சங்க உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



தை பாதியைத் தாண்டினால் நம் நகரில் வேம்பு கொட்ட ஆரம்பிக்கும். அதன் பின்னாலேயே புங்கன். வாதாமரம் வைத்திருக்கிற வீடுகளில் கையகலத்துக்கும் பெரிய சிவப்பு இலைகள் வாசலை மூடிவிடும். பங்குனி முடிகிற வரைக்கும் இதுதான் கதை. மரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை இல்லாத மாதங்களில் தண்ணீரை மிச்சம் பிடிக்க அது இலையைக் கழற்றிப் போடுகிறது. சித்திரைக்குள் தளிர்த்துப் பூத்தும் விடுகிறது. அந்த மாதங்கள் முழுக்கக் காலையில் தெருவுக்கு நாலு இடத்தில் புகை எழும்புகிறது. இதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். யார் வீட்டு வாசலில் எத்தனை முறை என்ற கணக்கெல்லாம் இதில் வராது, பயப்படாமல் படியுங்கள்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடலாம். "நாங்களா கொளுத்துகிறோம்? கூட்டுகிற ஆட்கள்தானே கொளுத்துகிறார்கள்" என்பது நம்மில் பலருடைய பதில். தூய்மைப் பணியாளர் கொண்டுவரும் வண்டியில் மக்கும் குப்பைக்கு ஒரு பக்கம், மக்காத குப்பைக்கு ஒரு பக்கம். ஒரே ஒரு வாதாமரத்தின் ஒரு நாள் இலையைப் போட்டால் அந்த வண்டி நிறைந்துவிடும். மிச்ச இருபது வீட்டுக் குப்பையை அவர் எங்கே போடுவார்? இலையை ஓரமாகக் குவித்துவைத்தால் "என் கேட் முன்னாடியே குவிச்சு வச்சிருக்கீங்களே" என்று நாம் சத்தம் போடுகிறோம். தெரு சுத்தமாக இல்லை என்று மேற்பார்வையாளர் திட்டுகிறார். இடமும் இல்லை, வண்டியும் இல்லை, நேரமும் இல்லை என்று ஆகிவிட்ட ஒருவரிடம் மிஞ்சுவது தீப்பெட்டிதான். முதல் புகையை மூச்சில் இழுப்பவரும் அவரே. வீட்டுத் தோட்ட வேலைக்கு வருகிறவரிடம் "அப்படியே ஒரு மூலையில போட்டுப் பத்த வச்சுட்டுப் போயிடு" என்று சொல்வது யார் என்பது நமக்கே தெரியும்.

இலைக் குவியல் ஒழுங்காக எரிந்தால்கூட ஒரு மாதிரி ஒழிந்தது என்று விடலாம். அது எரிவதில்லை, புகைகிறது. மேலே இருப்பது மட்டும் சடசடவென்று பற்றி அடங்கிவிடும். பனியில் நனைந்து உள்ளே அமுங்கிக் கிடப்பது காற்றுப் படாமல் மத்தியானம் வரைக்கும் கனன்றுகொண்டிருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயைவிட இப்படிக் கனலும் தீதான் நுண்துகளை அதிகம் கக்கும். கார்பன் மோனாக்சைடும், பென்சோபைரீன் மாதிரியான புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அதோடு சேர்ந்து வரும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகளை மூக்கும் தொண்டையும் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் அது போகும். ஒரு கனமீட்டர் காற்றில் அந்தத் துகள் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு 15 மட்டுமே. இதில் இன்னொரு கேடு, நாம் கொளுத்தும் நேரம். தை, மாசி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். புகை மேலே ஏற வழியில்லாமல் ஆள் உயரத்திலேயே பரவி நிற்கும். சரியாக அந்த நேரத்தில்தான் இருதய மருத்துவர் சொன்னார் என்று நம் பெரியவர்கள் மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கப் புறப்படுகிறார்கள்.

விடியற்காலைக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 2018 ஜனவரி 13 நல்ல சாட்சி. அன்று போகி. சென்னையில் பனியும் போகிப் புகையும் கலந்து கண்ணை மறைத்ததில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. நமக்கு அந்தப் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. கொங்கு நாட்டில் அன்றைக்குக் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி எறவாணத்தில் செருகுவதோடு சரி. புகையே இல்லாத போகி நம்முடையது. அதற்கு ஈடுகட்டத்தானோ என்னவோ, தை, மாசி, பங்குனி என்று தினமும் போகி கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

குவியலில் இருப்பது வெறும் இலை என்று யாராவது நம்பினால், பற்ற வைப்பதற்கு முன் ஒருமுறை குச்சியால் கிளறிப் பார்க்கட்டும். பால் கவர், ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, செருப்பு வார், அறுந்த ஒயர். பி.வி.சி. கலந்ததை எரித்தால் வருவது டயாக்சின். வேலியோரம் வெட்டிய அரளிக் கிளைகளையும் சிலர் இதோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். அரளியில் வேரிலிருந்து பூ வரைக்கும் எல்லாமே நஞ்சு. அதன் புகையும் அப்படித்தான். இன்னொன்று, குவியலை நாம் எப்போதும் மரத்தடியில்தான் போடுகிறோம். பூங்கா வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் ஒரு பக்கம் பட்டை கருகி வெடித்திருப்பதைப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குதான் மரத்தின் உயிர். அது வெந்துபோனால் அந்தப் பக்கத்துக்கு உணவு போகாது. பத்து வருடம் கழித்து ஒரு ஆடிக் காற்றில் மரம் காரின் மேல் சாயும்போது நாம் மாநகராட்சியைத் திட்டுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். சட்டத்துக்குப் பயந்து இதை நிறுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை வீட்டுக்காரர் தன் இடத்திலேயே தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும், தெருவிலோ பொது இடத்திலோ எரிக்கக் கூடாது என்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடைசெய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது.

இனி, எரிப்பதற்கு ஆதரவாக உங்களில் சிலர் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். அவற்றில் சில நியாயமானவை. கேட்காமல் ஒதுக்குவது மரியாதை இல்லை.

"சாம்பல் தென்னைக்கு நல்லதுதானே, எங்க அப்பாரு காலத்திலிருந்து போடுறோம்" என்பது முதல் காரணம். அப்பாரு போட்டது உண்மை. அவர் போட்டது வீட்டு அடுப்புச் சாம்பல், அதுவும் சாணியோடு சேர்த்துக் குப்பைக்குழியில். இலையைக் கொளுத்தும்போது அதிலிருந்த கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முழுசாகக் காற்றோடு போய்விடுகின்றன. மிஞ்சுவது சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் கொஞ்சம் மணிச்சத்தும். சாம்பல்சத்து தென்னைக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சாம்பலில் அது தண்ணீரில் உடனே கரையும் வடிவில் இருக்கிறது. பிடித்துவைக்க மண்ணில் மட்கு இல்லையென்றால் அடுத்த மழையோடு கீழே இறங்கிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் நம் மண். கோவை வட்டாரத்தில் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வரும். ஏற்கெனவே காரமான மண் அது. அதன் தலையில் இன்னும் காரமான சாம்பலைக் கொட்டினால், மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். எலுமிச்சையிலும் செம்பருத்தியிலும் புது இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக வருகிறதே, பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சளுக்கு மருந்து கேட்டு நர்சரிக்குப் போகிறோம். திரும்பும்போது மண்புழு உரம் ஒரு மூட்டை, கோகோபீட் ஒரு கட்டி, "இலைமக்கு" என்று எழுதிய பை ஒன்று. காலையில் எரித்ததைச் சாயங்காலம் காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

அடுத்தது கொசு. வேப்பிலைப் புகைக்குக் கொசு விலகுவது நிஜம்தான். புகை இருக்கும் வரைக்கும். புகை கலைந்ததும் திரும்பி வரும். கொசு உற்பத்தியாவது தேங்கிய தண்ணீரில். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மொட்டை மாடி டயரிலும், கொட்டாங்குச்சியிலும், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் முட்டையிடுகிறது. கடிப்பதும் பெரும்பாலும் பகலில். அந்தத் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்ப்பது மூன்று மாதப் புகையைவிட அதிக வேலை செய்யும்.

"கொளுத்த வேண்டாம் என்றால் வண்டி வைத்து அனுப்பிவிடலாமே" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எங்கே அனுப்புவது? வெள்ளலூருக்கா? 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்ததும், சுற்றியிருந்த மக்கள் மூச்சுத் திணறியதும் அதற்குள் மறந்துபோயிருக்காது. சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலில், கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் நடந்ததும் அதேதான். கோடையில் குப்பைமலையின் மேலே காய்ந்த சருகு போய்ச் சேர்ந்தால் விறகு. அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன். இரண்டும் தீக்குத்தான் தீனி. நம் புகையை வெள்ளலூர்க்காரர்கள் வீட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்குச் சுத்தம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, மக்க வைப்பதற்கு வருவோம். இது ஏதோ தொண்டு நிறுவனக்காரர்கள் கொண்டுவந்த புதுப் பாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: நம்மில் பாதிப்பேர் அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு பக்கம் தோட்டங்காடு விட்டு வந்தவர்கள். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் குப்பைக்குழி இல்லாத தோட்டம் எது? தினமும் சாணி, தட்டுத் தாளின் மிச்சம், சருகு, அடுப்புச் சாம்பல் எல்லாம் அதில் விழும். கோடையில் வண்டி வண்டியாகக் காட்டுக்கு எரு அடிப்பார்கள். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தோரில் ஆராய்ச்சி நிலையம் நடத்தி, சீன உழவர்களின் முறையையும் இந்திய உழவர்களிடம் கற்றதையும் சேர்த்து ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தார். செடிக்கழிவு ஒரு அடுக்கு, சாணி ஒரு அடுக்கு, மாட்டு மூத்திரம் ஊறிய மண், ஒரு பிடி மரச்சாம்பல். குறித்த நாளில் புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் எரு. யஷ்வந்த் வாட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1931-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இன்றைக்கு உலகமெங்கும் இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இந்தோர் முறை என்று சொல்வது இதைத்தான். பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வகுத்த முறையில் புரட்டும் வேலையும் இல்லை. குழியில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டு ஆறேழு மாதம் காத்திருந்தால் போதும். அவசரக்காரருக்கு இந்தோர், சோம்பேறிக்குப் பெங்களூர். நான் இரண்டாவது ரகம்.

வேலை என்று பார்த்தால் கொஞ்சம்தான். நாலடி உயரக் கம்பிவலையை வட்டமாக வளைத்துக் கட்டினால் ஒரு தொட்டி. குறுக்களவும் நாலடிக்குக் குறையக் கூடாது. சின்னதாகப் போட்டால் உள்ளே சூடு நிற்காது. சருகில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஐம்பது பங்குக்கும் மேலே கரிமம் இருக்கிறது. நுண்ணுயிர் வேகமாக வேலை செய்ய இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கு வேண்டும். அதனால் சருகை மட்டும் கொட்டி வைத்தால் வருடம் திரும்பினாலும் அப்படியே கிடக்கும். "மக்கவே மாட்டேங்குதுங்க" என்று கைவிட்டவர்கள் எல்லாருக்கும் நடந்தது இதுதான். சருகு ஒரு முழம், அதன் மேல் சாணிக்கரைசல் அல்லது வெட்டிய பச்சைப் புல், காய்கறித் தோல்; மறுபடி சருகு. புளித்த மோர், வெல்லம் கரைத்த தண்ணீர், குப்பியில் வரும் வேஸ்ட் டீகம்போசர் என்று ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். சேர்த்தால் தப்பில்லை, சேர்க்காவிட்டால் குறையும் இல்லை. பசுஞ்சாணி கிடைக்கிற ஊரில் வேறு மருந்து எதற்கு? தண்ணீர்தான் முக்கியம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், தூளாக உதிர்ந்தால் பற்றாது. நன்றாக அமைந்துவிட்டால் நாலைந்து நாளில் நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். 55 டிகிரியைத் தாண்டி மூன்று நாள் நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும்.

எல்லா இலையும் ஒரே மாதிரி மக்காது. புங்கன், தூங்குமூஞ்சி இரண்டும் பயறு வகைக் குடும்பம், சீக்கிரம் மக்கும். புங்கந்தழையை நெல்வயல் சேற்றில் மிதித்த நாடு இது, அதைப் போய்க் கொளுத்துகிறோம். மாவிலை மெழுகு பூசின மாதிரி தடித்தது. நொறுக்கிப் போடாவிட்டால் தாமதம். வாதாமிலை தட்டுத் தட்டாக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். வேறு சருகோடு கலந்துதான் போட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கினால் தொட்டிக்குப் போகலாம், பூத்த பிறகு வேண்டாம். தென்னை மட்டைக்கும் தொட்டி சரிவராது. ஓலையைத் துண்டு போட்டுத் தென்னையின் வட்டப்பாத்தியிலேயே பரப்பிவிடுங்கள். உரிமட்டையையும் குழிவான பக்கம் கீழே இருக்கும்படி அதே பாத்தியில் அடுக்கினால் வெயில் காலத்தில் ஈரம் காயாது. இதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே தென்னைக்குப் பரிந்துரைக்கிறது. நமக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி.

சருகு எருவில் தழைச்சத்து கொட்டிக் கிடக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலிருந்த தழைச்சத்தில் நல்ல பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் விடுகிறது. சருகு தருவது மட்கு. மண்ணைப் பொலபொலப்பாக்கி, விட்ட தண்ணீரைப் பிடித்து வைத்து, போட்ட சத்தை ஓடவிடாமல் நிறுத்துகிற பொருள் அது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றியும் வாடுகிற செடிக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான்.

இப்போது பயங்கள். பாம்பு வரும் என்பது பெரிய பயம். தட்டிக்கழிக்க மாட்டேன், கலையாமல் கிடக்கிற எந்தக் குவியலிலும் பாம்பு ஒண்டும், முட்டையும் இடும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வருடக்கணக்கில் கிடக்கும் செங்கல் குவியலுக்கும் இது பொருந்தும், அதை யாரும் கொளுத்துவதில்லை. பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி சோற்றையும் மீன் கழிவையும் தேடி வருகிறது. சமைத்த சோறு, கறி, மீன் எதுவும் இலைத்தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, சின்னக் கண் வலையால் கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். புரட்டுகிறவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முள்கம்பியால் புரட்ட வேண்டும், வெறுங்கையால் இல்லை.

நாற்றம் என்பது சீக்கிரம் தீர்கிற விஷயம். நாறினால் ஈரம் அதிகம், காற்று குறைவு. சருகு இன்னும் இரண்டு கூடை போட்டுக் கிளறினால் மறுநாளே அடங்கும்.

உண்மையில் யோசிக்க வேண்டிய எதிர்ப்பு தென்னை வைத்திருப்பவர்களிடமிருந்துதான் வந்தது: காண்டாமிருக வண்டு. எருக்குழி வைத்தால் வண்டு பெருகித் தென்னங்குருத்தைத் துளைத்துவிடும் என்கிறார்கள். சரியான பேச்சு. அந்த வண்டு முட்டையிடுவதும், அதன் கொழுத்த வெள்ளைப் புழு வளர்வதும் மக்கிய எருவிலும் இற்றுப்போன தென்னந்தடியிலும்தான். விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டினது மாதிரி முக்கோண வெட்டுத் தெரிந்தால் வண்டு குருத்தில் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். ஆனால் எரிப்பது இதற்கு வைத்தியம் ஆகாது. காலி மனையில் வருடக்கணக்காக இற்றுக் கிடக்கும் தென்னந்தடி ஒன்று போதும், நகர் முழுக்க வண்டு சப்ளை செய்ய. அதை நாம் யாரும் அப்புறப்படுத்தவில்லை. தொட்டி எருவைப் புரட்டும்போதெல்லாம் புழுவைப் பொறுக்கிக் கோழிக்கோ காக்கைக்கோ போடலாம். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணம் எருவில் கலந்துவிட்டால் புழுவைப் பிடித்துக் கொன்றுவிடும். ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் தோட்டத்தில் அங்கங்கே வைத்தால் வண்டுகள் வாசத்துக்கு வந்து விழும். எல்லாவற்றையும்விட, மக்கி முடிந்த எருவைத் தொட்டியிலேயே சேமித்து வைக்காமல் உடனே செடிக்குப் போட்டுவிடுவது நல்லது. தென்னை நாலைந்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டில் தொட்டி வைக்கத் தயங்கினால் நான் வற்புறுத்த மாட்டேன். பூங்காவில் வைக்கச் சொல்லி நான் கேட்கப்போகும் பொதுத் தொட்டிக்கு அவர்கள் சருகைத் தரட்டும்.

தொட்டியே வேண்டாம், புரட்டவும் ஆள் இல்லை என்கிற வீடுகளுக்கு இன்னும் சுலபமான வழி மூடாக்கு. சருகைக் கூட்டி வாரிச் செடியின் அடியில், தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு, நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து உழவர்களிடம் சொன்னவற்றில் முக்கியமான ஒன்று இது: மண்ணை வெயிலில் அம்மணமாக விடாதே. களை குறையும், மண்புழு மேலே வரும், தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கும். சிறுவாணித் தண்ணீர் முறை வைத்து வருகிற கோடையில் அந்த மிச்சம் சின்ன விஷயமா? நமக்குத் தடையாக இருப்பது பார்வைதான். சருகு கிடந்தால் குப்பையான வீடு என்கிறோம்; பெருக்கிப் பெருக்கி விளக்குமாற்றுக் கோடு தெரிகிற வறண்ட மண்ணைச் சுத்தமான வீடு என்கிறோம். வாசலைத் தாராளமாகப் பெருக்குங்கள், கோலம் போடுங்கள். மாமரத்தடியையும் ஏன் வாசல் மாதிரிப் பெருக்க வேண்டும்?

இனி சங்கத்திடம் நான் கேட்பது. பூங்காவின் வடமேற்கு மூலையில், போர்வெல் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு பத்துக்குப் பதினைந்தடி இடம் புல் முளைத்துக் கிடக்கிறது. அதை ஒதுக்கித் தாருங்கள். அங்கே நாலு கம்பிவலைத் தொட்டிகள் நிற்கும். ஒன்று நிறைந்ததும் அடுத்தது. நாலாவது நிறைகிற நேரத்தில் முதலாவது காலியாகத் தயாராகும். வலை கட்டாயம் வேண்டும்; வைகாசி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் திறந்த குவியலில் ஒரு சருகு நிற்காது, எல்லாம் திரும்ப நம் வாசலுக்கே வரும். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, சாணி கொடுக்கப் பால்காரர் இருக்கிறார். தெருவைக் கூட்டுகிறவர்களுக்கு இலை போட்டுத் தள்ளிக்கொண்டு போகத் தனியாக ஒரு தள்ளுவண்டி வாங்க வேண்டும். தொட்டியைப் புரட்டித் தண்ணீர் விடும் வேலைக்குச் சங்கம் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். தூய்மைப் பணியாளரிடம் "அப்படியே இதையும் பாத்துக்கம்மா" என்று இனாமாகக் கட்டிவிட்டால் இரண்டே மாதத்தில் மறுபடியும் தீப்பெட்டிதான் வரும், அப்போது தப்பு அவர் மேல் இருக்காது. பணம் எங்கே என்றால், பூங்காவுக்கு வருடா வருடம் செம்மண்ணும் எருவும் லோடு இறக்குகிறோமே, அதில் எரு லோடை நிறுத்தினாலே தொட்டிக்கும் வலைக்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். மிச்சப்படும் எருவை வேண்டிய வீடுகளுக்குப் பங்கு வைக்கலாம். மாடித்தோட்டம் போட்டிருக்கிற பிள்ளைகள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

புனேயில் பிரவுன் லீஃப் என்று ஒரு குழு இருக்கிறது. சருகு அதிகமாக உள்ளவரையும் சருகு தேவைப்படுகிற தோட்டக்காரரையும் சேர்த்துவைப்பதுதான் அவர்கள் வேலை. நம் நகரிலும் இரண்டாவது தெருவில் சருகைச் சுமையாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாவது தெருவில் மூடாக்குக்குச் சருகு கிடைக்காமல் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் "இலை உண்டு", "இலை வேண்டும்" என்று இரண்டு கட்டம் போட்டு எழுதிவைத்தாலே பாதிக் குவியல் தீர்ந்துவிடும்.

தீர்மானம் இரண்டே வரி போதும். நகருக்குள் இலை, கிளை எதையும் யாரும் கொளுத்துவதில்லை, கொளுத்தச் சொல்வதும் இல்லை. பூங்காவின் வடமேற்கு மூலை இலைத்தொட்டிக்கு. முதல் வரியை மட்டும் நிறைவேற்றிவிட்டு இரண்டாவதைத் தள்ளிவைத்தால் அந்தத் தீர்மானம் பத்து நாள் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள், இரண்டுக்கும் சேர்த்துக் கை தூக்குங்கள். அதுவரைக்கும் உங்கள் வீட்டுச் சருகைச் சாக்கில் கட்டி, மூன்றாவது குறுக்குத் தெருவில் என் கேட் ஓரம் வைத்துவிட்டுப் போங்கள். சாக்கு மட்டும் திருப்பித் தருவேன்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து உங்களில் ஒருத்தி